பெயர் போடாத உபயம்

ஏப்ரல் முதல் வாரத்தில், டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட்டுக்குக் கணக்குத் தணிக்கை செய்யப் போனபோதுதான் தமிழரசன் வாஞ்சிநாதனை முதன்முதலில் பார்த்தான். தமிழரசனுக்குக் கரியாஹாட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காக வங்காளம் வந்தவன். அந்த ஊரின் முதல் பி.காம். அவன்தான். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கும் பழக்கம் அவனிடம் இல்லை.

"பி.காமா? பேஷ். ஒக்காருங்கோ," என்றார் வாஞ்சிநாதன். "மொதல்ல சாஃப்ட்வேரப் பாத்துடுங்கோ. அப்பறம் கணக்கு."

மடிக்கணினியில் 'அலமாரி' திறந்தது. திறந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முதலில் வெள்ளைத் திரை. அதில், 'இந்த வரவேற்புப் பக்கம் உபயம்: சுபிமல் சாஹா, ஜவுளி வியாபாரம், கரியாஹாட்'. அடுத்து தேடல் பெட்டி உபயம், அச்சிடும் பொத்தான் உபயம், அந்தப் பொத்தானுக்குப் பச்சை நிறம் உபயம் என்று பெயர்கள் மெதுவாக மேலேறிப் போயின. தமிழரசன் டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகும் ஒரு பல் டாக்டரின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன செய்யும் சார்?"

"லைப்ரரிக்கு. எந்தப் புஸ்தகம் எங்க இருக்கு, யார் எடுத்துண்டு போனா, எப்போ திருப்பணும், எல்லாம் சொல்லும். இங்க தெருவுக்குத் தெரு இருக்கிற பாரா லைப்ரரில பாதி இதத்தான் வெச்சிண்டிருக்கா. காசு கெடையாது. எழுதின ப்ரோக்ராமையும் சேத்தே குடுத்துடுவோம். பிரசாதமும் தரோம், பண்ற விதத்தையும் சொல்லித் தரோம். யார் வேணா மாத்திக்கலாம்."

"அப்ப வருமானம்?"

"அதான் உபயம்."

வாஞ்சிநாதனின் தாத்தா ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் குமாஸ்தாவாக வந்து காளிகாட் சந்து ஒன்றில் குடியேறியவர். பேரன் வங்கியில் சேர்ந்து, மற்ற கிளைகளின் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கும் பிரிவில் ஓய்வுபெறும்வரை இருந்தார். சாயங்காலங்களில் ராம நவமிக் கமிட்டிக்குப் பொருளாளர். அவர் காலத்தில் கமிட்டி மண்டபத்து மின்விசிறிகளில் இறக்கைக்கு ஒரு பெயர் இருந்தது. சுற்றும்போது தன் பெயரைப் படிக்க முடியவில்லை என்று ஓர் உபயதாரர் சண்டைக்கு வந்ததும், வாஞ்சிநாதன் விசிறியின் வேகத்தைக் குறைத்து வைத்தார். கச்சேரி கேட்க வந்தவர்கள் வியர்வையில் நனைந்தாலும் பெயர்களைத் தெளிவாகப் படித்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு தங்கை மகள் ஹம்சினி அவரைத் தன் அறக்கட்டளைக்குப் பொருளாளராக அழைத்து வந்தாள். அலமாரியை எழுதியவளும் அவள்தான், பழுது பார்ப்பவளும் அவள்தான், நூலகர்களிடம் போனில் திட்டு வாங்குபவளும் அவள்தான். புதிய பொத்தான் சதுரமா வட்டமா என்று விவாதிக்கப் பல தேசங்களிலிருந்து தன்னார்வலர்கள் இணையத்தில் கூடுவார்கள். பழைய பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் கூட்டம் கலைந்துவிடும்.

கணக்கைப் புரட்டிய தமிழரசனுக்கு ஒன்று விளங்கவில்லை. வங்கியில் தாராளமாகப் பணம் இருந்தது. ஆனால் ஜனவரியிலிருந்து ஹம்சினிக்குச் சம்பளம் போகவில்லை.

"பணம் இருக்கே சார். ஏன் குடுக்கல?"

"இருக்கு. தொடப்படாது. சாஹா போன மாசம் குடுத்தது திரைக்குக் கறுப்புப் பின்னணி போட. டாக்டர் குடுத்தது கலர் கலரா அறிக்கை வர. குடுத்த காரியத்துக்குத்தான் செலவழிக்கணும். நீங்களே சொல்லுவேளே."

தமிழரசன் அதைச் சொல்லத்தான் வாயெடுத்திருந்தான்.

"ரிப்பேருக்குன்னு யாரும் குடுக்கலயா?"

"ட்யூப் லைட் வாங்கித் தர எத்தனையோ பேர் இருக்கா தம்பி. கரண்ட் பில்லுல பேர் எழுத எடம் இல்லையே."

வெளிநாட்டில் சிலர் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அதை வாங்க அரசின் தனி அனுமதி வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் செலவுக்கு உபயதாரர் கிடைக்கவில்லை.

உள்ளறையிலிருந்து ஹம்சினி வந்தாள். "மாமா, பெங்களூர் கம்பெனி வேலைக்கு வரச்சொல்லி மறுபடி மெயில் போட்டிருக்கா. பொய்லா பைஷாக்குக்கு மறுநாள் ஜவாப் சொல்லணும்."

வங்காளப் புத்தாண்டுக்கு அப்போது ஒரு வாரம்தான் இருந்தது.

"போயிடுவியா?"

"தூர், போ மாமா, எனக்கு என்ன ஆசையா? வீட்டு வாடகைக்கு ஒரு உபயதாரர் இருந்தா சொல்லு, இங்கயே இருக்கேன்."

அவள் போனால் அலமாரியில் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும் என்பது மற்ற யாரையும்விட வாஞ்சிநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

ஹம்சினி நூலகங்களிலிருந்து வந்த புகார்களைத் திரையில் காட்டினாள். தேதி தப்பு. அச்சில் வங்காளக் கூட்டெழுத்து உடைகிறது. எல்லோரும் சொன்ன புகார், திறக்கவே நேரமாகிறது என்பது.

"அது எதனால மேடம்?" என்றான் தமிழரசன்.

"மாமாவால."

வாஞ்சிநாதன் அது காதில் விழாதவர்போல மேலே படித்தார். "திருப்பிக் குடுத்த புஸ்தகத்தத் திருப்பலேன்னு காட்டறதா? செத்துப்போனவருக்கு அபராதமா? இதென்ன தோஷம்டி." கண்ணாடியைக் கழற்றினார். "தோஷம்," என்று தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டார்.

பொய்லா பைஷாக் விடியலில் காளிகாட் கோயில் வாசலில் வியாபாரிகள் நீண்ட வரிசையில் நிற்பார்கள். கையில் சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்குப் புத்தகம் இருக்கும். அம்மன் முன்னால் வைத்து வாங்கிய பிறகுதான் வருஷத்தின் முதல் வரவை எழுதுவார்கள். அந்த வரிசையில் வேட்டி கட்டிக்கொண்டு வாஞ்சிநாதன் நின்றார், கையில் ரசீதுப் புத்தகம். துணைக்கு வந்த தமிழரசன், ஆடிட்டர் அலுவலகத்துக்காரன் ரசீது எழுதக்கூடாது என்று மறுத்துவிட்டதால் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முன்னால் நின்ற சுபிமல் சாஹா திரும்பினார். "என்ன பாஞ்சி தா, நீங்களும் புதுக் கணக்கா?" வங்காளிகளின் வாயில் வாஞ்சி எப்போதும் பாஞ்சிதான்; 'தா' என்றால் அண்ணா.

"தோஷ நிவர்த்தி, சாஹா பாபு," என்று வாஞ்சிநாதனும் வங்காள மொழியிலேயே சொன்னார். "நம்ம அலமாரிக்குப் பிடிச்சிருக்கு. திரும்பி வந்தத வரலைன்னு காட்டற தோஷம். ஒரு வியாபாரிக்கு இதவிடப் பொல்லாதது உண்டா?"

சாஹா கையிலிருந்த சிவப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "அத நீக்க என்ன ஆகும்?" தொகையைக் கேட்டார், தலையாட்டினார். "சரி, அது எனக்கு. பேர் எங்க வரும்?"

"பேரா? தோஷம் போனதுக்கு யாராவது போர்டு வெப்பாங்களா? உங்களுக்கு அது இருந்ததுன்னு கரியாஹாட் பூரா தெரியணுமா?"

சாஹா முன்னும் பின்னும் பார்த்தார். குரல் இறங்கியது. "வேண்டாம். வரவேற்புப் பக்கத்துல என் பேர் இருக்கே, அதையும் எடுத்துடுங்க. ரெண்டையும் சேத்துப் பாத்துடுவாங்க."

பின்னால் நின்ற பாத்திரக் கடைக்காரர் கழுத்தை நீட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவரும் நீட்டினார். வரிசை நகர நகரப் பிழைகள் விலைபோயின. தேதிப் பிழைக்கு இரண்டு பேர் போட்டியிட்டதால், ஆங்கிலத் தேதி ஒருவருக்கும் வங்காளத் தேதி மற்றவருக்கும் என்று வாஞ்சிநாதன் சமாதானம் செய்துவைத்தார்.

தமிழரசனுக்கு மனசு ஆறவில்லை. "ரசீதுல என்ன சார் எழுதறீங்க?"

"மென்பொருள் பராமரிப்பு நன்கொடை. சம்பளம் குடுக்கலாமோல்லியோ?"

"குடுக்கலாம். ஆனா அவங்ககிட்ட தோஷம்னுல்ல சொல்றீங்க?"

"தப்பு இருக்கு. காசு வாங்கறோம். தப்பு போயிடும். இந்த கேரண்டி உள்ள பூஜை பண்ணிவைக்கிற பாண்டாகிட்ட கெடைக்குமா, கேட்டுப் பாருங்கோ."

தமிழரசன் பி.காமில் படித்த எல்லாப் பாடங்களையும் ஒருமுறை மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

மறுநாள் ஹம்சினி பெங்களூருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நின்றுபோன சம்பளம் மொத்தமாக வந்தது. சாஹா பெயரை எடுக்கச் சொன்னார் என்று கேள்விப்பட்ட மற்ற உபயதாரர்கள், காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஒவ்வொருவராகப் போன் செய்து தங்கள் பெயரையும் எடுக்கச் சொன்னார்கள். அலமாரி தட்டியதும் திறந்தது.

ஆகஸ்டில் வாஞ்சிநாதனுக்குப் புதுக் கவலை வந்தது.

"ஹம்சி, எல்லாத்தையும் ஒரேடியாச் சரிபண்ணிடாதே. துர்கா பூஜை வரது. நாலஞ்சு தோஷம் கையில வேணும்."

"இது திருட்டுத்தனம் மாமா."

"திருட்டு இல்லடி. இருப்பு."

"நீ கவலையேபடாதே. சாஹா கேட்ட கறுப்புப் பின்னணிய நேத்து போட்டேன். பக்கமும் கறுப்பு, எழுத்தும் கறுப்பு. காலைலேர்ந்து ஊர்ல ஒருத்தராலும் ஒண்ணும் படிக்க முடியல."

வாஞ்சிநாதன் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

இப்போதும் அவர் டாக்குரியாவில்தான் இருக்கிறார், அலமாரி அறக்கட்டளையின் பொருளாளராக. ஹம்சினிக்கு ஒன்றாம் தேதியே சம்பளம் போய்விடுகிறது. இந்த ஏப்ரலிலும் தமிழரசன்தான் தணிக்கைக்குப் போனான். கணக்கு சரியாக இருந்தது.