மஞ்சள் பட்டனும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிங்கப்பூரில், பூன் லேயில் நான் தனியாக இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது இது.

எனக்கு எழுபத்திரண்டு வயது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதைக்கூட போனில் பேசிப் பேசித்தான் எழுதுகிறேன். ஆனால் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஒயர் ஒட்டியவள் நான். எந்த நிற ஒயர் எங்கே போக வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும்.

அதற்குச் சில மாதம் முன்பு அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். சட்டி கரியாகி, வீடெல்லாம் புகை. கிளமெண்டியில் இருக்கும் என் மகள் ஓடி வந்தாள். கேஸ் அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்சார அடுப்பு வாங்கி வைத்தாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள்.

"இன்னொரு தடவை இப்படி நடந்துச்சுன்னா இந்த வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும். சரியாம்மா?"

சரி என்றேன். மகள் தங்கமானவள்தான். ஆனாலும் இங்கே என் சாவி, என் சமையல், என் நேரம். அதை விட மனம் வருமா?

புகை வந்தால் அடுப்பை அணைக்கும் கருவி ஒன்றை நானே செய்வதென்று, போனில் தமிழ் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். லிட்டில் இந்தியாவுக்குப் பூ வாங்கப் போகும்போது பக்கத்தில் மின்சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு சீனக் கடைக்காரர், பேரனுக்கா என்று மலாயில் கேட்டார். "சாயா பூஞா" என்றேன், என்னுடையது என்று. அதற்குப் பிறகு அவர் எனக்கு எதையும் இரண்டு தடவை விளக்கவில்லை.

வாங்கிய சாமான்களை எல்லாம் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அடக்கினேன். புகையை மோந்தால் அது அடுப்பின் பிளக்கை அணைத்துவிடும். ஹால் விளக்கைச் சிவப்பாக்கும். என் போனிலும் மகள் போனிலும் மணியடிக்கும். போனில் இங்கிலீஷ் வந்த இடத்திலெல்லாம் அதையே படித்துக் காட்டச் சொன்னேன். ஒன்பது நாள் ஆனது. ஊதுபத்தியைக் காட்டியதும் விளக்கு சிவந்ததே, அப்போது எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

ஆனால் முதல் வெள்ளிக்கிழமையே மானம் போனது. சாம்பிராணி போட்டேன். விளக்கு சிவந்தது. மகள் டாக்சி பிடித்து வந்து நின்றாள்.

"நீங்க சாமி கும்பிட்டா நான் ஆபீஸ்லேர்ந்து ஓடி வரணுமாம்மா?"

எதிர் புளோக்கில் இருக்கும் என் தோழி, "வெள்ளிக்கெழம மட்டும் அதப் புடுங்கி வச்சிடு லா" என்றாள். பருப்பை மறந்தவள் திரும்ப மாட்டவும் மறப்பாள் என்று எனக்குத் தெரியாதா? டப்பாவில் ஒரு மஞ்சள் பட்டன் வைத்தேன். அமுக்கினால் அரை மணி நேரம் சும்மா இருக்கும். பிறகு தானாகவே விழித்துக்கொள்ளும்.

முதலில் சொன்னேனே, அந்த வெள்ளிக்கிழமையும் மஞ்சள் பட்டனை அமுக்கி, சாம்பிராணி போட்டு, சாமி கும்பிட்டேன். பாலை அடுப்பில் வைத்தேன். தோழிக்கு வாங்கிய மல்லிகைச் சரம் கண்ணில் பட்டது. போனைக்கூட எடுக்காமல் கீழே இறங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் நேரம் தெரியுமா? திடீரென்று அவள் மேலே கை காட்டினாள்.

"ஏய், ஒன் வீடு செவப்பா இருக்கு லா!"

மாடிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. கதவைத் திறந்தால் தீய்ந்த வாடை. பால் பொங்கி வழிந்து, அடி கருகியிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. போன் அடித்துக்கொண்டிருந்தது. மகள்தான்.

"மறுபடியும் சாம்பிராணியாம்மா? மஞ்சள் பட்டன அமுக்க மறந்துட்டீங்களா?" என்று சிரித்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு எனக்கே. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் டப்பாவைப் பார்த்தேன். தொழிற்சாலையில் நல்ல பொருளை ஒரு நாளும், பழுதானதைப் போடும் ரிஜெக்ட் தட்டில் போட்டவள் இல்லை நான். சரியாக வேலை செய்த ஒன்றின் மேல் பழி போடுவதா?

"பட்டன அமுக்குனேன்டி. அரை மணி நேரம் கழிச்சு அது சரியா முழிச்சுக்கிச்சு. நான்தான் பால வச்சிட்டுக் கீழ போயிட்டேன். சொன்ன மாதிரி உங்ககூட வந்துடறேன்."

"இருங்க, நான் வர்றேன்" என்று போனை வைத்தாள்.

அவள் வந்து சேர்ந்தபோது, இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்து சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அவள் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப என் அறைக்குள்ளேயே வைத்தாள்.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. நானும்தான் மறக்கறேன்."

செய்து கொடுத்தேன். அவள் வீட்டில் சாம்பிராணி போடுவதில்லை, இருந்தாலும் அதிலும் ஒரு மஞ்சள் பட்டன் வைத்தேன். இன்றும் வெள்ளிக்கிழமை அந்தப் பட்டனை அமுக்கும்போது, என் கைவேலை என் வீட்டைக் காப்பாற்றியதைவிட, அதன் பேரை நான் கெடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பெருமையாக இருக்கிறது.