இரண்டு விமானங்களில் நாங்கள் தில்லி சென்றது

என் மனைவியும் நானும் ஒரே நாளில், ஒரே ஊருக்கு, இரு வேறு விமானங்களில் சென்றோம். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. கடன் அட்டையில் சேர்ந்திருந்த வெகுமதிப் புள்ளிகளைச் சிறிதும் வீணாக்காமல் செலவிட வேண்டும் என்று நான் செய்த ஏற்பாடு அது. அன்று நான் செய்த ஒரு காரியத்தையும், அதை மறைக்க அவளிடம் நான் சொன்ன பொய்யையும் எழுதிவிட வேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன். இன்றுதான் மனம் வந்தது.

நான் கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவன். பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. விடியற்கால ரயிலேறி பெங்களூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்து, பின்னர் அந்நகரிலேயே தொம்மலூரில் குடியேறினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்டோரில் இருந்தவனுக்கு, எந்தப் பொருளும் பயன்படாமல் கிடப்பதைக் கண்டால் பொறுக்காது. என் மனைவி பெங்களூரிலேயே ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். கார்மென்ட்ஸ் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவாள். உடன் வேலை செய்த பெண்களிடமிருந்து உருதுவும் ஓரளவு கற்றுக்கொண்டாள். ஆங்கிலம் மட்டும் படிக்க வராது.

பணி ஓய்வுக்குப் பிறகு என் மகள் வற்புறுத்தி எனக்கு ஒரு கடன் அட்டை வாங்கிக் கொடுத்தாள். அதில் செலவு செய்தால் புள்ளிகள் சேரும், புள்ளிகளைக் கொண்டு விமான டிக்கெட்டு வாங்கலாம் என்று அறிந்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மின்கட்டணத்தை என் அட்டையில் கட்டி, அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டேன். மைத்துனி மகளின் கல்யாணத்திற்கு வாங்கிய பீரோவும் கட்டிலும் கூட என் அட்டையில்தான் வாங்கப்பட்டன. எலெக்ட்ரிக் ஆபீஸ்காரரே இவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார் என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கேலியில் எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

பேரனின் முதல் பிறந்தநாளுக்குத் தில்லி செல்ல வேண்டி வந்தது. மகள் அங்கேதான் குடும்பத்தோடு இருக்கிறாள். என் மனைவி அதுவரை விமானம் ஏறியதில்லை. நான் ஒரே ஒருமுறை, தொழிற்சாலை அனுப்பி, சென்னைக்குச் சென்று வந்திருக்கிறேன். பல நாட்கள் உட்கார்ந்து தேடியதில், நேராகத் தில்லி செல்லும் ஒரு விமானத்தில் புள்ளிகளுக்குத் தருவதற்கு ஒரே ஓர் இடம் இருந்தது. ஐதராபாத்தில் இறங்கி மாறிச் செல்லும் இன்னொரு விமானத்தில் மற்றோர் இடம் இருந்தது. இரண்டையும் எடுத்தால் எங்கள் கையிலிருந்து அனேகமாக ஒன்றுமே செலவாகாது. நேர் விமானத்தின் இடத்தை அட்டைக்கு உரியவர் பெயரில்தான் எடுக்க முடியும் என்பது விதி. ஆகவே அது எனக்கு. மாறிச் செல்வது அவளுக்கு.

விதி அப்படி இருந்தது உண்மை. ஆனால் அந்த விதியின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதும் உண்மை.  அன்று மாலை அவள் காய் நறுக்கிக்கொண்டே, தன் பி.எஃப். பணத்தில் டிக்கெட்டு எடுத்தால் இருவரும் ஒன்றாகப் போகலாமே என்றாள். மேலே போகும்போது காது அடைக்கும், பயமாக இருக்கும் என்று அக்கா சொன்னாள், பக்கத்தில் நீங்கள் இருந்தால் போதும் என்றாள். இலவசமாகக் கிடைப்பதற்கு யாராவது பணம் கொடுப்பார்களா என்று கேட்டு நான் சிரித்தேன். ஐதராபாத்தில் உன் உருதுவைக் கேட்க ஆள் காத்திருக்கிறார்கள் என்று வேடிக்கையும் பேசினேன். அவளும் சிரித்தாள். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் வீட்டுக் கைபேசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் என் மனைவிக்கென்று ஒரு கைபேசி வாங்கி அனுப்பியிருந்தாள். அவள் பெயரிலும் ஒரு புள்ளிக் கணக்கு தொடங்கினால் சேர்க்கைப் புள்ளிகள் தனியாகக் கிடைக்கும் என்பதால், அந்த எண்ணைக் கொடுத்து ஒரு கணக்குத் திறந்தேன். அதற்கான ஓ.டி.பி. எண்கள் அந்தக் கைபேசிக்கே வரும். நாளடைவில் அது என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. நாங்கள் எங்கே சென்றாலும் சேர்ந்தே செல்பவர்கள். அவளுக்கென்று தனியாக ஒரு கைபேசி வேண்டும் என்ற எண்ணமே இருவருக்கும் எழவில்லை.

புறப்படும் நாளும் வந்தது. அவளுடைய விமானம் காலை எட்டு மணிக்கு, என்னுடையது பதினொன்றுக்கு. இருவரும் ஒன்றாகவே விமான நிலையம் சென்றோம். அவளுடைய டிக்கெட்டுகளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, எந்தத் தாளை எங்கே காட்ட வேண்டும் என்று தமிழில் எழுதியும் கொடுத்திருந்தேன். விமான நிலையக் கவுண்டரில் கொடுத்த தாளில், ஐதராபாத்தில் விமானம் மாறி ஏற வேண்டிய கேட்டின் எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்ட நிறைவில், அவள் விமானம் ஏறும் வரிசையில் நின்று இருமுறை திரும்பிப் பார்த்ததைக் கூடப் பெரிதாக நினைக்கவில்லை. கையை அசைத்துவிட்டு, கடைகளைச் சுற்றிப் பார்த்து, ஒன்பதரை மணிக்கு லவுஞ்சுக்குப் போனேன்.

லவுஞ்ச் என்பது கடன் அட்டைக்காரர்கள் உட்கார்ந்து இலவசமாகச் சாப்பிடும் கூடம். என் அட்டைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. சோபாவில் அமர்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். இட்லி, பொங்கல், பெங்களூரில் காராபாத் என்று சொல்லும் ரவா உப்புமா, கேசரிபாத் என்று சொல்லும் ரவா கேசரி, பழங்கள். கேசரிபாத்தை இரண்டாம் முறை எடுத்து வந்து உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது. அறியாத எண். நாள்தோறும் ஏதாவதொரு வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்பார்கள். அந்த எரிச்சலில் துண்டித்தேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் துண்டித்தேன். மூன்றாம் முறை அது முழுதாக ஒலிக்கும் முன்பே துண்டித்துவிட்டு, ஸ்பூனைக் கையில் எடுத்தேன்.

விமானத்தில் அமர்ந்து, கைபேசிகளை அணைத்துவிடுங்கள் என்று பணிப்பெண் சொன்னபோது சட்டைப் பையில் கைவிட்டேன். இரண்டு கைபேசிகள் கையில் வந்தன.

அவளிடம் கைபேசி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே அந்த மூன்று அழைப்புகளும் யாருடையவை என்பதும் விளங்கியது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது. அந்த எண்ணுக்குத் திருப்பி அழைத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பணிப்பெண் அருகில் வந்து கையை நீட்டி மரியாதையாகச் சைகை செய்தாள். அணைத்தேன். விமானம் நகர்ந்தது. அதன்பின் இரண்டே முக்கால் மணிநேரம் நான் எதையும் பார்க்கவில்லை. ஐதராபாத் விமான நிலையத்தை நான் கண்டதில்லை. ஆயினும் அதில் ஒரு மூலையில் பிளாஸ்டிக் உறையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பது மட்டும் கண்முன் நின்றது.

தில்லியில் மகள் காத்திருந்தாள். அம்மா எங்கே என்று கேட்டாள். அவள் வரும் விமானம் தாமதம் என்று பலகையில் போட்டிருந்தது. அவள் அதில் ஏறினாளா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.  மகள் என் கையிலிருந்த இரண்டாவது கைபேசியைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்றரை மணிநேரம் கழித்து அவள் வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது, நடையில் தடுமாற்றம் இல்லை. நடந்ததைக் காரில் மகளிடம் சொன்னாள். ஐதராபாத்தில் கேட்டை மாற்றிவிட்டார்களாம். ஆங்கில அறிவிப்பு புரியாமல், நான் சிவப்பில் வட்டமிட்ட எண்ணுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். யாருமே வராததைக் கண்டு பயந்து, தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் உருதுவில் கேட்டு, அந்தப் பெண்ணின் கைபேசியிலிருந்து என்னிடம் பேச முயன்றிருக்கிறாள். கடைசியில் அந்தப் பெண்ணே துடைப்பானை ஓரமாகச் சாத்திவிட்டு, இவளைக் கைபிடித்து அடுத்த கோடியில் இருந்த கேட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். விமானம் தாமதமானதால் மட்டுமே ஏற முடிந்தது. காலையிலிருந்து ஒரு காப்பிதான் குடித்தாளாம்.

பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குப் போன் போட்டேங்க. எடுக்கலயே" என்றாள்.

"அப்ப நான் பிளேன்ல இருந்தேன்" என்றேன்.

அவள் பிளாஸ்டிக் உறையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "சரி" என்றாள்.

திரும்பி வருவதற்கும் தனித்தனி விமானங்கள்தான் பதிவாகியிருந்தன. இரண்டையும் ரத்து செய்துவிட்டு, பணம் கொடுத்து ஒரே விமானத்தில் அருகருகே இரண்டு இடங்கள் வாங்கினேன். வழியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். விமானம் மேலெழும்பியபோது, பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள் என்றேன். அதெல்லாம் போகும்போதே போயிற்று என்று சொல்லி அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதங்கள் சென்றன. ஒக்கலிபுரத்தில் அவளுடைய அக்கா வீட்டில் ஒரு விசேஷம். அக்கா மகனுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. புள்ளிகளில் விமானம் ஏறும் வித்தையைச் சொல்லித் தருமாறு தம்பதி இருவரும் என்னைக் கேட்டார்கள். சபையில் பேசக் கிடைத்த வாய்ப்பை விட எனக்கு மனம் வரவில்லை. ஒரே விமானத்தில்தான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்று விளக்கத் தொடங்கினேன். நடந்ததை அறிந்தும் எப்படி என் நாவு அவ்வாறு பேசியது என்று இன்றும் எனக்கு வியப்புதான்.

பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலேயே, "தனித்தனியா போறது ஒண்ணும் பெரிசில்ல. போன் போட்டா எடுக்கற ஆளா பாத்துக் கட்டிக்கிட்டிருக்கணும், அவ்ளோதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண் தன் கணவனைக் கையால் இடித்தாள். நானும் சிரிப்பது போலச் செய்தேன்.

வீடு திரும்ப மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. இதற்கு மேலும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"அன்னைக்கு நீ போன் பண்ணப்போ நான் பிளேன்ல இல்ல" என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போன் குடுத்த பொண்ணு சொல்லிச்சு. மணி போவுது, அவரே கட் பண்றாரு அம்மான்னு. மூணு வாட்டியும் சொல்லிச்சு. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு, வேற யாருக்கோ தப்பாப் போட்டுட்டேன்னு அதுகிட்ட சொல்லிட்டேன்."

தில்லியில் காரில் வைத்தே ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றாள். குரலில் கோபமில்லை. மூன்று மாதங்களாக ஒவ்வொரு நாளும் என் பொய்யை அறிந்தபடியே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது, தலையை நிமிர்த்தி எதிரே இருந்தவர்களைப் பார்க்க முடியவில்லை.

வண்டி இரண்டு நிலையங்களைக் கடந்தது. அதன்பின் அவள் கேட்டாள்: "இன்னா பண்ணிட்டிருந்தீங்க அப்ப?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"இன்னா போட்டாங்க?"

சொன்னேன். கேசரிபாத்தை இரண்டாம் முறை வாங்கியதையும் மறைக்காமல் சொன்னேன்.

"நல்லா இருந்துச்சா?"

இருந்தது என்றேன். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். அல்சூரில் இறங்கி ஆட்டோ பிடித்து வீடு சேர்ந்தோம்.

சென்ற மாதம் மகளுக்கு உடல்நலம் சற்றுக் குன்றியது. உதவிக்கு அம்மா வந்தால் நன்றாக இருக்கும் என்றாள். என்னிடமிருந்த புள்ளிகளைப் பார்த்தேன். ஒரே விமானத்தில் இருவருக்கும் போதுமான அளவு சேர்ந்திருந்தது, ஆனால் புள்ளிகளுக்குத் தரும் இடங்கள் அடுத்த மாதத்தில்தான் இருந்தன. ஒரு மாதம் காத்திருந்தால் ஒன்றாகவே போகலாம் என்று அவளிடம் சொன்னேன். அதைச் சொல்லும்போது, மன்னிப்புக் கேட்பதற்கு இதுதான் என் வழி என்று அவளுக்குப் புரியும் என நம்பினேன்.

புரிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு தன் பணத்தில் நேர் விமானத்தில் ஒரு டிக்கெட்டு வாங்கிவிட்டிருந்தாள்.

"நான் முன்னாடி போறேங்க. எனக்கு இப்ப வழி தெரியும்" என்றாள். "நீங்க பாயிண்ட்ல வாங்க."

பெட்டியைக் கட்டிக்கொடுத்தேன். விமான நிலையத்திற்கு உடன் வருகிறேன் என்றதற்கு, உள்ளே விடமாட்டார்கள், எதற்கு வீண் அலைச்சல் என்று அவள் தடுத்துவிட்டாள். ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இடம் பிடித்து அமர்ந்தவள், பஸ் புறப்படும்போது பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஏதோ கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்ற பக்கம் அவள் பார்க்கவில்லை. கோபத்தினால் அல்ல. அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.