ஹெல்பர்களுக்கு ட்ராயிங்

பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டருக்கு என்ன மரியாதை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்காமலே எடுத்துக்கொள்வார். ஆண்டு விழா வந்தால் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும், பேனர் எழுத. ஸ்ரீபெரும்புதூரில் பதினைந்து வருஷம் இப்படிக் காலம் தள்ளிய என்னைத் தேடி, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தொழிற்சாலையிலிருந்து ஜீப் வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று நானும் மெதுவாகவே ஏறினேன்.

விஷயம் இதுதான். பென்னலூர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த அந்தத் தொழிற்சாலை, நிலம் கொடுத்த வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவரை ஹெல்பராகச் சேர்த்திருந்தது. அவர்களைப் பர்மனென்ட் ஆக்குவதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்று அங்கிருந்த ஆபீசருக்குத் தோன்றிவிட்டது. ட்ராயிங் பரீட்சை. படம் தெரியாதவன் மெஷினைத் தொடக்கூடாதாம். பாஸானால் பர்மனென்ட், பெயிலானால் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போனால் உழுவதற்கு நிலம் இல்லை என்பது ஆபீசரின் சிலபஸில் வராத விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கேன்டீனில் வகுப்பு. பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல். கலப்பை பிடித்த பிடியிலேயே பென்சிலையும் பிடித்தார்கள். முதல் கால் மணி நேரத்தில் நாலு முனை உடைந்தது. ஒருவர் கோடு போட்டு முடிக்கும்வரை மூச்சு விடவே இல்லை. நான் பயந்துபோய் முதுகைத் தட்டினேன்.

மேஜை மேல் ஒரு டிபன் கேரியரை வைத்து, "பக்கவாட்டில் எப்படித் தெரியுதோ அப்படியே வரையுங்க" என்றேன். பென்னலூர்க்காரர் ஒருவர், நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசியவர், மூன்று அடுக்கையும் போட்டுவிட்டு உள்ளே சோறு, குழம்பு, ஒரு வடை எல்லாம் போட்டு வைத்திருந்தார்.

"உள்ள இருக்கிறது கண்ணுக்குத் தெரியுதா?" என்று கத்தினேன்.

"தெரியல சார். ஆனா கீது."

பதினைந்து வருஷ சர்வீஸில் எனக்கு யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை. கண்ணுக்குத் தெரியாததை வரையாதே என்று நான் சொற்பொழிவை ஆரம்பித்தபோது, டீ குடிக்க வந்த சூப்பர்வைசர் ஒருவர் குறுக்கே புகுந்தார். "இல்ல மாஸ்டர், எஞ்சினியரிங் ட்ராயிங்குல மறைஞ்சிருக்கிறதையும் போடணும். புள்ளிக் கோட்டுல போடணும்." எனக்கு முகம் தொங்கிப்போனது. அடுத்த ஞாயிறு, புள்ளிக் கோட்டைப் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வந்தவன் மாதிரி நானே பாடம் நடத்தினேன்.

அதன்பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. கத்திரிக்காய்க்குள் புழு, மூட்டைக்குள் நெல், சூப்பர்வைசரின் பேன்ட் பாக்கெட்டுக்குள் மூக்குப்பொடி மட்டை, எல்லாம் புள்ளிக் கோட்டில் வந்தன. ஆபீசரின் தலையை வரைந்த ஒருவர் உள்ளே ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அந்தத் தாளை மட்டும் நான் கிழித்துப் போட்டேன். வகுப்பில் அன்று நானும்தான் சிரித்தேன்.

பரீட்சை நாள். ஷெட்டை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, மெஷின்களோடு, கேன்டீனில் உட்கார்ந்தே வரைய வேண்டும். ஆபீசரும் நானும் தாள்களைத் திருத்தினோம். பதினோரு பேர் தாளில் மெஷின்கள் இஷ்டத்துக்கு நடமாடின. பென்னலூர்க்காரரின் தாளை கம்பெனி வரைபடத்தோடு வைத்துப் பார்த்த ஆபீசர் எழுந்தே நின்றுவிட்டார். தூரமெல்லாம் அச்சாகப் பொருந்தியது. ஆளைக் கூப்பிட்டு, "டேப் வச்சு அளந்தியா?" என்றார்.

"இல்ல சார். கெணத்துலேர்ந்து எது எத்தினி அடின்னு எனுக்கு அத்துப்படி."

அப்போதுதான் இருவரும் பார்த்தோம். இருப்பதிலேயே பெரிய பிரஸ் மெஷினுக்கு அடியில், அழகாக ஒரு வட்டம். புள்ளிக் கோட்டில்.

"எங்க கெணறு சார். மண்ண கொட்டி மூடிக்கினு மேல சிமெண்ட் போட்டாங்க. இப்போ தெரியாதில்ல? அதான் சார் சொன்னா மாதிரி புள்ளி வெச்சேன்."

கம்பெனி வரைபடத்தில் அந்த இடத்தில் மெஷின் மட்டும்தான், கிணறு இல்லை. ஆபீசருக்கு வியர்த்தது. அவ்வளவு கனமான மெஷினை மூடின கிணற்றின் மேல் நிறுத்தியிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதா, ஒரு ஹெல்பருக்கு ட்ராயிங் தெரியாது என்று எழுதுவதா? அவர் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பிளான்ல இல்லாதது ஷெட்லயும் இல்ல. அழிச்சுக் குடு, பாஸ் போடறேன். இல்லேன்னா பெயில்."

பென்னலூர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும், இந்தப் பன்னிரண்டு பேரில் சரியாக வரைந்தவர் இவர் ஒருவர்தான் என்று. மெஷினை நகர்த்துங்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஜீப் ஞாபகம் வந்தது, அடுத்த பேட்சும் எனக்குத்தான் என்று ஆபீசர் சொன்னது ஞாபகம் வந்தது. சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினேன். அவர் குனிந்து அழித்தார். தாளில் கிடந்த துகளை நானே ஊதிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். புது யூனிபார்ம். பர்மனென்ட் ஆகிவிட்டதாம். எந்த மெஷின் என்று கேட்டேன்.

"அதே பிரஸ்தான் சார். எடம் தெரிஞ்ச ஆளுன்னு ஆபீசரே சொல்லிப் போட்டுக்கீறாரு."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். அவரே மேலே பேசினார்.

"ஒவ்வொரு தபா அது அடிக்கும்போதும் காலுக்குக் கீழ தொம்முனு ஒரு சத்தம் வருது சார். மத்தவங்களுக்குக் கேக்கல. எனுக்குக் கேக்குது. வூட்ல சொன்னா வேலைக்கு அனுப்ப மாட்டாங்க, அதான் சொல்லல."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "உங்களாண்ட சொன்னா பரவால்ல சார். நீங்க வெளிய சொல்ல மாட்டீங்க" என்றார். அதில் கேலி துளிகூட இல்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்.