கோடு போடாத கல்வெட்டு

சூடேறும் அச்சியந்திரத்தின் மை மணம் எங்கே அடித்தாலும் நான் லண்டன் இல்ஃபோர்டின் அந்த அச்சகத்துக்குள் நிற்பேன். கலியாணக் கார்ட்டும் கல்வெட்டும் ஒரே மேசையில் கிடக்கும் கடை. எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு என்றால் கல் அல்ல. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு, அவர் வரலாறும் புலம்பல் பாட்டும் சேர்த்து அடிக்கும் சிறு புத்தகம்.

அந்தச் சனிக்கிழமை என் நண்பன் தகப்பனின் கல்வெட்டோடு அங்கே நின்றான். தகப்பன் ஊரில் மற்றவர்களுக்குக் கல்வெட்டுப் பாட்டு எழுதியவர். மகன் லண்டனுக்கு வந்த வருடம், கோபத்தில், தனக்கும் எழுதி வைத்துவிட்டார். ‘மூத்தவன் கடல் கடந்தான், என் கொள்ளிக்கும் வரமாட்டான்.’ பிறகு அதே மகனின் வீட்டில் வந்து பதினொரு வருடம் இருந்தார். எழுதி வைத்த தாளை மட்டும் திருத்தவில்லை.

"தகனசாலையிலை கொள்ளிக்குப் பதிலாப் பொத்தானை அமத்தினது நான் மச்சான். நாளைக்குச் சனம் இதை வாசிச்சா என்னை என்னெண்டு நினைக்கும்?"

"எடுத்துவிடன்."

"அப்பான்ர எழுத்திலை கை வைச்சா செத்தவீடு ரெண்டாகும் எண்டு ரொறன்ரோவிலையிருந்து தங்கச்சி கத்துறாள்."

அவன் சொன்ன வாயை மூடவில்லை, எனக்குள் பற்றிக்கொண்டது. வியாழக்கிழமை மாலை வகுப்பு! எபிரேயத் தீர்க்கதரிசிகளின் சுருள்கள் எப்படி உருவாயின என்று படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். எருசலேமில் ஒருவர் எச்சரிக்கிறார், சிறைப்பட்டுப் போவீர்கள் என்கிறார். தலைமுறைகள் கழிகின்றன. போனார்கள், பாபிலோனில் அழுதார்கள். அங்கே யாரோ ஒருவர், பேர் இல்லை, ஊர் இல்லை, அதே சுருளில், அந்த எச்சரிக்கை முடிகிற இடத்துக்குக் கீழேயே ஆறுதலை எழுதத் தொடங்குகிறார். பிறகு இன்னொரு கை. பிறகு இன்னொன்று. பழைய பேச்சை அவர்கள் சுரண்டி எறியவில்லை. அதோடு வாழ்ந்து, அதற்குப் பதில் சொல்லி, அதையே நீட்டினார்கள். மேசையைத் தட்டித் தட்டி இதையெல்லாம் கத்தினேன்.

"இவனுக்கு வகுப்புக்குப் போய் விசர் முத்திட்டுது" என்றான் நண்பன், கணினித் திரைக்கு முன்னால் இருந்த அச்சகக்காரப் பெண்ணிடம்.

"எடுக்காதை. கீழை எழுது!"

"அப்பான்ர பாட்டுக்குக் கீழை நானோ? அது கள்ள வேலையெல்லோ?"

"அந்தச் சுருளை எழுதின ஆக்கள் அப்பிடி நினைக்கேல்லை. அவையளுக்குச் சுருளின்ர தலையிலை இருக்கிற தீர்க்கதரிசியின்ர பேர் ஒரு ஆளின்ர பேரில்லை. ஒரு வீட்டின்ர பேர் மாதிரி. உள்ளுக்க இருக்கிற எல்லாரும் கதைக்கலாம்."

"நாலு மணிக்கு மெசினிலை ஏத்தோணும் அண்ணை. கதைச்சது காணும்" என்றாள் அவள்.

ஒரு கலியாணக் கார்ட்டின் முதுகில் எழுதினான். பேனை இரண்டு தரம் நின்றது.

‘அப்பா, கொள்ளிக்கு வந்தேன். அதற்கு முன் பதினொரு வருடம் சோறு குழைத்துத் தந்தேன். உங்கள் வாக்குப் பொய்த்ததில் உங்களுக்கும் சந்தோஷம்தானே.’

அவள் அடித்து முடித்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். தகப்பனின் கோபம் மேலே, மகனின் பதில் கீழே.

"ரெண்டுக்கும் நடுவிலை ஒரு கோடு போடவோ? கீழை உங்கட பேரும் போடுறன்."

நண்பன் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தான்.

"வேண்டாம் பிள்ளை. கோடும் வேண்டாம், பேரும் வேண்டாம். அப்பிடியே ஓடட்டும்."

திரையைப் படமெடுத்து ரொறன்ரோத் தங்கைக்கு அனுப்பினான். மெசின் ஓடத் தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது. "அப்பா கடைசியிலை இப்பிடித்தான் கதைச்சவர்" என்று மட்டும்.

இளஞ்சூடான கட்டுகளை ஆளுக்கொன்றாக அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். எனக்குக் கால் தரையில் இல்லை. டிக்கெட் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகுமுன் என் கட்டையும் வாங்கிக்கொண்டான்.

"என்ர கல்வெட்டுக்கு நீதான் பாட்டு எழுதோணும் மச்சான். எவ்வளவு வேணுமெண்டாலும் திட்டு. ஆனா கீழை இடம் விட்டு எழுது, என்ர மகள் சும்மா இருக்க மாட்டாள்."