கயிறு பிடிக்க ஒரு மச்சான்

எழுபதுகளின் தொடக்கத்தில், பதினாலு வயது முடிந்த வருஷம், எனக்கு ஒரு சக்தி வந்தது. சிரிக்க வேண்டாம், என் சிநேகிதனுக்கும் வந்தது. எனக்கு மூச்சில், அவனுக்குக் கையில்.

என்னுடையது அறிவியல் வகுப்பில் தெரியவந்தது. மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒவ்வொருவனாக விட்டு, வகுப்பே சிரித்து ஓய்ந்து, அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய பிறகும் நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். முதுகில் ஓர் அறை விழுந்த பிறகுதான் விட்டேன். திணறவில்லை, மூச்சு வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. என்னைவிட வாத்தியாருக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

சிநேகிதனுக்கு ஒரே வருஷத்தில் தோளும் கையும் திரண்டு, தன் பலம் தனக்கே பிடிபடாமல் போனது. அடிகுழாயின் கைப்பிடி அவன் கையோடு கழன்று வந்தது. கண்ணாடித் தம்ளரை எடுத்தால் உடைந்தது. "ஏலே, இது கையா, ஒலக்கையா?" என்று அவன் அம்மா கேட்காத நாளில்லை.

என் சக்தியும் என் சொல் கேட்கவில்லை. அம்மா திட்டத் தொடங்கினால் மூச்சு தானாக நின்றுவிடும். பரீட்சையில் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டியபோது மூச்சு விட மறந்து, விடைத்தாள் மேலேயே மயங்கி விழுந்தேன். கணக்கைப் பார்த்த பயத்தில் விழுந்தான் என்று தெருவே பேசியது.

எங்கள் குடும்பம் ஓட்டப்பிடாரத்துப் பக்கத்துக் கரிசல்காட்டுக் குடும்பம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அங்கே எழுத்தர் வேலை கிடைத்து, ஊரை விட்டுக் கடற்கரைக்குக் குடிவந்திருந்தோம். சிநேகிதனின் அப்பா சங்கு குளிப்பவர். ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே வள்ளத்தில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பிடித்திருப்பார். அந்தக் கரையில் கூடப்பிறந்தவனிடம்கூடக் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் சொத்துப் பங்கு, பழைய சண்டை என்று ஏதாவது இருக்கும். மச்சான் மட்டும் தன் அக்காளைத் தாலியறுக்க விடமாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை.

நானும் சங்கு குளிக்க வரட்டுமா என்று அந்தக் கயிறு பிடிக்கிற மாமாவிடம் கேட்டேன்.

"ஒனக்குக் கயிறு பிடிக்க யாருல இருக்கா? மொதல்ல ஒரு கலியாணத்தக் கெட்டிட்டு வா" என்று சிரித்தார்.

சிரித்துவிட்டு மறக்க வேண்டிய பேச்சு. மகா சக்திமான்கள் நாங்கள் இரண்டு பேரும் அதை உட்கார்ந்து யோசித்தோம்.

"என் தங்கச்சிய ஒனக்குக் கெட்டித் தாரேம்ல. இப்பமே நான் ஒனக்கு மச்சான். சரிதானா?" என்றான் சிநேகிதன்.

எனக்குச் சரியாகத்தான் பட்டது. நிச்சயத்துக்கு அடையாளமாக ஒரு பொட்டலம் மக்ரூன் கொடுத்தேன். மச்சானே முழுவதையும் தின்று தீர்த்தான். பதின்மூன்று வயதான அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கள் மூளைக்கு எட்டவில்லை. ஆனால் அவள் காலிப் பொட்டலத்தைக் கண்டுபிடித்து, அண்ணனை உருட்டி மிரட்டி எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். தன்னையும் கூட்டிப் போகாவிட்டால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மூன்று பேரும் கரையில் கிடந்த ஒரு சின்னப் படகைத் தள்ளினோம். நாலு ஆள் ஆழம் வந்ததும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். நான் கீழேயிருந்து சுண்டினால் ஒழிய இழுக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். அவன் அப்பாவைவிட அதிக நேரம் இருந்து காட்ட வேண்டும் என்பது என் வெறி.

கல்லோடு இறங்கினேன். அடியில் மணல் வரிவரியாகக் கிடந்தது. சங்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் அவ்வளவு சுகமாக நான் அதற்கு முன் எங்கும் இருந்ததில்லை. திட்டு இல்லை, கணக்கு இல்லை, மூச்சும் தேவைப்படவில்லை. கயிற்றைச் சுண்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

மேலே நடந்ததைச் சிநேகிதன்தான் பிறகு சொன்னான். தங்கச்சி 'அருள் நிறைந்த மரியே' என்கிற மாதா மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். வள்ளத்தில் அவர்கள் மாமாவும் அப்படித்தான் எண்ணுவாராம். அப்பா ஆறு மந்திரத்துக்குள் மேலே வந்துவிடுவாராம். எட்டு முடிந்ததும் இழு என்றாள்.

"ஏளா, அவன் இன்னும் சுண்டல. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அவன் சுண்ட மாட்டாண்ணே! அவனுக்கு மூச்சப் பிடிக்கத்தான் தெரியும், விடத் தெரியாது!"

அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒன்பதாவது மந்திரத்தைத் தொடங்கி, முடிக்காமல் நிறுத்தி, அவன் முன்கையைப் பிடித்துக் கடித்தாள். அலறிக்கொண்டே இழுத்தான் பாருங்கள், உடம்பில் இருந்த பலம் அத்தனையும் அந்த இழுப்பில் வந்தது. என் தோள் படகின் விளிம்பில் மோதி மூட்டு விலகியது. இன்றும் மழைக்காலத்தில் அந்த இடம் வலிக்கும். நான் சந்தோஷப்படுகிற ஒரே வலி அதுதான்.

கண் விழித்தபோது உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தேன். சிநேகிதன் தேம்பிக்கொண்டிருந்தான். நான் நன்றியா சொன்னேன்? "யாரு இழுக்கச் சொன்னா? இன்னும் இருந்திருப்பேன்லா!" என்று கத்தினேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"என்னையக் கேக்காம நிச்சயம் பண்ணுனீய" என்றாள் அவள். "தாலியறுக்கதுக்காவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக் கரையைப் பார்த்துப் போடத் தொடங்கினாள்.

சக்திகள் எங்களிடம் நிலைக்கவில்லை. பதினெட்டு வயதுக்குள் என் மூச்சு எல்லோருடையதையும் போல ஆனது. அவன் கையும் தம்ளர் பிடிக்கப் பழகியது. யார் கண் பட்டதோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

நன்றி சொல்ல எனக்கு ஆறேழு வருஷம் பிடித்தது. அவளுக்குக் கப்பலில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை அமைந்து, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. வீட்டுக்குப் போய், "அன்னைக்கு நீ எண்ணாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"எட்டு வரைக்குந்தான் எண்ணுனேன். ஒவ்வொரு மந்திரம் முடியும்போதும் 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்'னு ஒரு எடம் வருமுல்லா? எட்டுத் தடவ அதச் சொல்லிட்டேன். ஒம்பதாவதுல அந்த எடம் வந்துச்சு. எனக்குச் சொல்ல வாய் வரல. அதான் அண்ணனக் கடிச்சேன்."

நான் கொண்டுபோயிருந்த நன்றி அதன் முன்னால் மிகச் சின்னதாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.