மரியாதையாக இடிந்த கட்டடம்

போன செவ்வாய்க்கிழமை ஆம்பூரில் ஒரு மரத்துக்கு ஊர்வலம் நடந்தது. நானும் கூடவே நடந்தேன்.

ஆள் உயர அரசங்கன்று. வேரில் ஈரச் சாக்கு சுற்றி, குட்டி யானை வண்டியில் நிற்க வைத்திருந்தார்கள். கழுத்தில் – மரத்துக்கு ஏது கழுத்து – கிளையில் சாமந்தி மாலை. முன்னால் மேளம். பின்னால் ஷூ கம்பெனிப் பெண்கள், மார்க்கெட் வியாபாரிகள், தொப்பி போட்ட பாய்மார்கள், சர்ச்சிலிருந்து சிலர். மழை தூறிக்கொண்டிருந்தது. ‘இதுதான் எங்க ஊர்’ என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். உங்களுக்கும் வந்திருக்கும். ஹார்ட்டின்கூட விட்டிருப்பீர்கள்.

எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் முசாபர் பங்களா என்று ஒன்று இருந்தது. தோல் வாங்க ரயிலேறி வரும் வெளியூர் வியாபாரிகள் காசில்லாமல் தங்கட்டும் என்று அந்தக் காலத்து மண்டிக்காரர் ஒருவர் கட்டிய விடுதி. சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம், வளைவு வைத்த பெரிய வாசல். அக்னி நட்சத்திரத்திலும் உள்ளே சில்லென்று இருக்கும் ஒரு கூடம். லாட்ஜுகள் வந்த பிறகு பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியது பூட்டியபடியே கிடந்தது.

பழைய கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று கத்துகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற ஆசாமிகள். தூணைப் பார்த்தால் உருகுவோம். வளைவைத் தடவிப் பார்ப்போம். அப்புறம் வேலூருக்கு வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு எழுதுவோம். ரெஜினாவுக்குத் தூணைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கூரை.

ரெஜினா, ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் சூப்பர்வைசர். பெரிய கம்பெனிகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை இருக்கும். ரெஜினா வேலை பார்ப்பது, ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட். அங்கே மெஷினுக்கே இடம் போதாது.

“எங்க லைன்ல பாதிப் பேரு புள்ளைங்கள உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் சார் வர்றாங்க” என்றார் முதல் சந்திப்பிலேயே. “பெரிய பொண்ணு ஸ்கூலுக்குப் போவாம சின்னத பாத்துக்கும். இன்னா பண்றது? எனக்கு அந்தப் பங்களா குடுத்தா போதும். தூளி கட்டிடுவேன்.”

பங்களா ஒரு குடும்ப டிரஸ்ட்டின் கையில் இருந்தது. பொறுப்பாளர் இக்பால் பாய். வாடகை கேட்பார், இழுத்தடிப்பார் என்று நினைத்துக்கொண்டு போனோம். மனிதர் சாவியை எடுத்து ரெஜினாவின் கையில் வைத்தார். “ஊருக்குன்னு கட்னதுதானேம்மா, ஊரு புள்ளைங்க தூங்கட்டும்.”

இந்த நாட்டில் ஒரு பழைய கட்டடத்துக்கு இப்படி ஒரு நல்ல காலம் வருமா? எனக்கே நம்ப முடியவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் லைன் பெண்கள் வந்து கூடத்தைக் கூட்டினார்கள், கழுவினார்கள். உத்தரத்தில் தூளிக்கு வரிசையாகக் கொக்கிகூட மாட்டியாயிற்று.

ரிப்பேர் பார்க்க முனிரத்தினம் மேஸ்திரி வந்தார். கட்டடத்தைச் சுற்றி வந்தவர், வாசலுக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தார். வளைவுக்கு மேலே, கைப்பிடிச் சுவர் விரிசலில் ஒரு செடி. காக்கா எச்சத்தில் விழுந்த விதை. ஒரு சாண் உயரம், மூன்று இலை.

“அரசு சார். காரைச் செவுத்துல வேர் உட்டுச்சுன்னா பொளந்துடும். மொதல்ல இத எடுக்கணும்.”

“எடுத்துடுங்களேன்.”

“நா எப்டி சார்? ஊட்ல மருமவ மாசமா இருக்குது. இந்த நேரத்துல அரச மரத்துல கைய வெக்கலாமா? பிரசவம் ஆவட்டும்.”

சரி, வேறு ஆளைப் பார்ப்போம் என்று கிளம்பினோம். மேஸ்திரி காட்டிய ஆட்களில் ஒருவர் மாலை போட்டிருந்தார். இன்னொருவர், “அவரே எடுக்கலேன்னா நா எடுக்கறதா?” என்று கும்பிடு போட்டுப் போய்விட்டார்.

இக்பால் பாயிடம் போனேன். ஆள் வைத்து எடுத்துவிடலாமே என்றேன்.

“எங்காளு ஒருத்தன் ஏணி போட்டு ஏறி அரச மரத்த வெட்றான்னு ஒரு போட்டோ வந்தா போதும் சார். ஊருக்கே பேஜாரு. அது கெடக்கட்டும்... அவங்க கும்புடுறத நாம தொட்டா அவங்க மனசு நோவாதா? அவங்களே எடுத்தா நல்லாருக்கும்.”

ரெஜினாவையே கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நா கழுத்துல சிலுவ போட்டவ. நா ஏறிப் புடுங்குனா, நாளைக்கு லைன்ல எங்கூட எத்தினி பேரு பேசுவாங்க? அவங்க புள்ளைங்களுக்காகத்தான சார் இத்தினியும் செய்றேன்!”

நீ என்ன கிழித்தாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆகவே நம்பிக்கை உள்ளவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று தள்ளி நின்றேன். அதற்கு நாகரிகம் என்று பெயர்.

மேஸ்திரிக்குப் பேரன் பிறந்தான். சொன்ன சொல் மாறாமல் உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார். ஆனால் அதற்குள் செடி இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அதன் தண்டில் யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். கீழே சுவரில் குங்குமப் பொட்டு. யார் கட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாரோ ஒரு பெண் எதையோ வேண்டிக்கொண்டிருப்பாள். ஒருவேளை, பூட்டி வைத்துவிட்டு வந்த பிள்ளை பத்திரமாக இருக்கட்டும் என்றே வேண்டியிருக்கலாம்.

மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இனிமே யாரு சார் தொடுவாங்க?” என்று பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

விரிசலில் சிமென்ட் பூசிப் பார்த்தோம். உள்ளே வேர் ஓடுகிற சுவரில் வெளியே பூசி என்ன பயன்? உள்ளே பிள்ளைகளை விட ரெஜினாவுக்குத் தைரியம் வரவில்லை. செடி எடுத்ததும் திறக்கலாம், திறக்கலாம் என்று தள்ளிப் போனது. மாட்டிய கொக்கியெல்லாம் சும்மா தொங்கியது.

இந்த ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வாசல் வளைவும் அதற்குப் பின்னால் கூடத்தின் பாதிக் கூரையும் உட்கார்ந்துவிட்டன. நல்லவேளை, உள்ளே ஆளில்லை. இன்ஜினீயர் வந்து பார்த்தார். மிச்சமும் நிற்காது, இடித்துவிடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்கு எதிரே தெரிந்ததைத்தான் சொன்னார்.

மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு பசேல் என்று நின்றது.

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. அந்த ஊரே ஒன்று கூடியது. கட்டடம் போகட்டும், மரம் என்ன பாவம் செய்தது என்றார்கள். வெட்டாமல் வேரோடு எடுத்து ஏரிக்கரையில் வைப்பது என்று முடிவாயிற்று. வண்டிச் செலவு இக்பால் பாயுடையது. ரெஜினா லைனுக்கு அரை நாள் லீவு வாங்கினார். முனிரத்தினம் மேஸ்திரி காலையிலிருந்து சாரத்தில் உட்கார்ந்து, காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, வேர்களைக் கையாலேயே விடுவித்தார். வெட்டத்தானே கூடாது? இதில் பாவமில்லை. ஒரு வேர்கூட அறுபடவில்லை என்று அவருக்கு அவ்வளவு பெருமை.

இதே கைகள். இதே செலவு. இதே ஒற்றுமை. மூன்று இலை இருந்தபோது இதே மாதிரி ஒரு பூந்தொட்டியில் எடுத்து வைத்திருக்கக் கூடாதா? ஒருவருக்குமே தோன்றவில்லையே!

அவனவன் சாமிக்காகச் சண்டை போட்டுக் கட்டடத்தை இடித்த ஊர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். இந்த ஊரில் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்தவர் மனசு நோகக் கூடாது, அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று எல்லாரும் ஓரடி பின்னால் தள்ளி நின்றோம். நடுவில் கட்டடம் தனியாக நின்றது. யாரைத் திட்டுவது? கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

ஊர்வலம் முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். “டீ சாப்டுட்டுப் போலாம் வாங்க சார்” என்று ரெஜினா தன் தெருவுக்குக் கூட்டிப் போனார். வரிசை வீடுகள். ஒரு வீட்டின் கதவில் வெளிப்பக்கம் பூட்டு. பேச்சுச் சத்தம் கேட்டு, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு சிறுமி வந்து நின்றாள். எட்டு வயது இருக்கலாம். இடுப்பில் தம்பி.

“ரெஜினா ஆன்ட்டி... பங்களா எப்ப தொறப்பாங்க?”

ரெஜினா என்னைப் பார்க்கவில்லை.

“பெயின்ட் அடிச்சிருக்காங்கடா கண்ணு. காயணும்ல?”

“அன்னிக்கும் அதான சொன்னீங்க. இன்னுமா காயல?”

ரெஜினா பைக்குள் வீட்டுச் சாவியைத் தேட ஆரம்பித்தார். சிறுமி என்னைப் பார்த்தாள்.

“மழைக்காலம் இல்லியாம்மா... காய நாளாகும்” என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். இரண்டு பெரியவர்கள் சொல்கிறோமே, நம்பிவிட்டாள்.