பதுளைக்குப் பிள்ளை பார்க்கப் போன பயணம்

பஸ்கள் எல்லாம் அரசாங்கத்தின் கைக்கு வருவதற்கு முந்தைய வருஷம், தை மாதத்தில், மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு பதுளைக்குப் போனேன். மலை பார்க்கவோ அருவி பார்க்கவோ இல்லை, ஒரு பிள்ளையைப் பார்க்க. கொழும்பில் கூட வேலை பார்க்கும் எங்கள் கந்தோர்ச் சிநேகிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய சங்கம் நடத்தினோம். தாய் தகப்பன் இல்லாத தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் குடும்பங்களுக்கு மாதாமாதம் ஏதோ கொஞ்சம் அனுப்புவதுதான் அதன் வேலை. இப்போது வேறு பலரும் இப்படி உதவுகிறார்கள். நேரே போய்ப் பார்க்கலாமா, எப்படிப் போவது என்று என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கணக்காய்வுக் கந்தோரில் கிளாக்கர். ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பதற்கே எனக்குச் சம்பளம். சங்கம் என்னை அனுப்பியதும் அதனால்தான். இரண்டு வருஷமாக உதவி போகிறது. அது பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறதா, வளர்க்கிறவர்களின் வயிற்றுக்குப் போகிறதா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. புறப்படும் அன்று சங்கத்தின் செயலாளர் அம்மா வாசல் வரை வந்தார். அவர் ஒரு பெரிய உத்தியோகத்தரின் மனைவி. "பிள்ளை திடமோ, நல்ல உயரமோ எண்டு பாரும் தம்பி. அங்க வசதியில்லையெண்டால் யோசிக்காமல் கையோட கூட்டிக்கொண்டு வாரும். எங்கட வீட்டில நிண்டு படிக்கட்டும்" என்றார். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து இரவு எட்டு மணிக்கு மெயில் ரயில். மூன்றாம் வகுப்பில் போகிறவர்கள் கட்டாயம் ஒரு கம்பளி எடுத்துப் போங்கள். நானுஓயாவுக்கு மேலே குளிர் பல்லைக் கிட்டவைக்கும். பண்டாரவளை தாண்டினால் தூங்க வேண்டாம். தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, தான் சற்று முன் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. என் கண்ணையே நான் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். காலை ஏழு மணிக்குப் பதுளை.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாட்களில் எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோட்டம் இருக்கும் ஸ்பிரிங்வெளிப் பக்கம் மத்தியானத்துக்கு முன் பஸ் கிடையாது. ஸ்டேஷனுக்கு வெளியே சாப்பாட்டுக் கடையில் அப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, வாடகைக் கார்க்காரர் ஒருவரிடம் போனேன். நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புள்ள எடுக்கவா போறீங்க?"

"பிள்ளையைப் பாக்கத்தான்."

"எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவாங்க. போயிட்டு வர அஞ்சு ரூவா. வரும்போது புள்ளயும் இருந்துச்சுன்னா ஆறு. அழுவுற புள்ளைங்க வண்டியில வாந்தி எடுக்குது, நாந்தான் கழுவணும்."

இல்லாத பயணிக்கு ஒரு ரூபாயா, ஆள் புதிதென்று தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறானே என்று எனக்குக் கோபம். பேரம் பேசி நாலரைக்கு முடித்தேன். அவர் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எட்டு மைல் ஏற்றம். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, காரணம் போகப் போகத் தெரியும். வெளியாள் நினைத்தபடி லயத்துக்குள் போகமுடியாது; தோட்டத்துக் கந்தோரில் முதலிலேயே அனுமதி கேட்டு வைத்திருந்தேன். பெரிய கிளாக்கர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். "தொழிலாளர் சங்கம் கிங்கம் எண்டு கூட்டம் போட வந்தனீரோ?" என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் விட்டார். சந்தேகப்படுவதில் எனக்கு மேலான ஒருவரைப் பார்த்ததில் கொஞ்சம் மரியாதை உண்டாயிற்று.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு, அவர்கள் பேச்சில் காம்பராவுக்கு, ஒரு குடும்பம். சரிவில் இறங்கும்போது பிள்ளைகள் விளையாடும் சத்தம் நன்றாகக் கேட்டது. கிட்டப் போனதும் நின்றுவிட்டது. முற்றத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

வளர்ப்புத் தாயின் பெயர் அங்கம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். "வாங்கய்யா, ஒக்காருங்க" என்று உரலைக் கவிழ்த்துப் போட்டு மேலே சாக்கை விரித்தாள். பக்கத்தில் அவள் புருஷன் முனியாண்டி நின்றான். பாலில்லாத தேயிலைச் சாயத் தண்ணியும் ஒரு துண்டு சர்க்கரையும் வந்தன. உபசாரம் அளவுக்கு மீறியிருந்தது. நான் பார்க்க வந்த பிள்ளை பாக்கியம் எங்கே என்று கேட்டேன். உள்ளேயிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, கைகட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

என் பையில் பாக்கியத்தின் படம் இருந்தது, முதல் வருஷம் பதுளையில் எடுத்து அனுப்பியது. படத்திலிருந்த பிள்ளையின் காது வெறும் காது, குத்தவே இல்லை. இவளுக்கோ கைக்குழந்தையில் குத்திய ஓட்டை நன்றாகத் தொங்கிப்போயிருந்தது.

"இது பாக்கியம் இல்லை" என்றேன். "பிள்ளையை எங்க வித்தனீங்கள்? உண்மையைச் சொல்லாட்டி நேரே பொலிசுக்குத்தான் போவன்." இரண்டு வருஷம் உதவி வாங்கித் தின்றுவிட்டுப் பிள்ளையை எங்கேயோ தள்ளிவிட்டார்கள் என்றே நம்பினேன்.

அங்கம்மா இடுப்பில் கையை ஊன்றினாள். உபசாரம் எல்லாம் போய்விட்டது.

"போங்கய்யா, போலீசுக்குப் போங்க. நானும் வாறேன். மேல் லயத்துல ரெண்டு புள்ளைங்கள, படிக்க வைக்கிறேன்னு பிஸ்கோத்தும் கையுமா ஒரு தொரை வந்து கூட்டிப் போனாரு. உங்களமாரியே குடை, உங்களமாரியே பேச்சு. இப்ப ஒண்ணு கொழும்புல யாரு வீட்டுலயோ தண்ணி எறைக்குது. இன்னொண்ணு எங்கன்னே தெரியல. அதுலேருந்து யாரு வந்து எந்தப் புள்ளயக் கேட்டாலும் நாங்க வேற புள்ளயத்தான் காட்டுவோம். இது எதுத்த காம்பரா புள்ள." பிறகு நேரே என் முகத்தைப் பார்த்தாள். "சாமி மேல ஆணையாச் சொல்லுங்க. உங்கள அனுப்புன ஆளு, புள்ளயக் கூட்டியாரச் சொன்னாங்களா இல்லியா?"

திடமோ, நல்ல உயரமோ. படிக்க வைக்கப் போகிறவர்களுக்கு உயரம் எதற்கு? செயலாளர் அம்மா வீட்டில் குசினியில் சமையல் வேலைக்கு ஆளில்லை என்று இரண்டு மாதமாக எல்லோரிடமும் குறைப்பட்டதும், கார்க்காரர் கேட்ட அந்த ஆறாவது ரூபாயும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. சந்தேகப்படச் சம்பளம் வாங்குகிறவன், சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நூற்றெண்பது மைல் தாண்டி வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"ஓம், சொன்னவதான்" என்றேன்.

அவள் கத்தவில்லை. புருஷனோடு ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்தாள்.

"பாக்கியத்தோட ஆத்தா எனக்குப் பக்கத்து நெரையில கொழுந்தெடுத்தவ. அவளுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. எனக்கு இருந்த ஒரே தம்பியும் இந்தியாவுக்குப் போயிட்டான். மாமன் மடி இல்லாமத்தான் புள்ளைக்கு இன்னும் காது குத்தல. கூட்டிப் போக வரலன்னா, நீங்க ஒக்காருங்க. உங்க மடியில வச்சுக் குத்திருவோம்."

அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று இழுத்தேன். "அடுத்த முறைன்னு சொன்ன யாரும் திரும்பி வரலீங்க" என்றாள். "இன்னிக்கு லயமே பாக்கட்டும். நாளைக்கு வேற யாரும் வந்து கேட்டா, அவ மாமன் கொழும்புல கவுர்மெண்டு கிளாக்கரு, அவரக் கேக்காமக் கைய வைக்காதேன்னு சொல்லுவேன்ல. மாமனே கொண்டுபோய் வேலைக்கு விட்டாருன்னா அப்புறம் லயமே காறித் துப்பும்."

ஆயுசு முழுக்கச் சீர்வரிசை என்று என்னைக் கட்டிப்போடப் பார்க்கிறாள் என்று தோன்றியது. தோன்றியது சரிதான். அவள் அதை மறைக்கவும் இல்லை.

உட்கார்ந்தேன். கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவுக்குள் ஒளித்து வைத்திருந்த பாக்கியத்தை முனியாண்டி தூக்கி வந்தான். மெலிந்த பிள்ளை, ஆனால் முழங்காலில் சதையும் கண்ணில் குறும்பும் இருந்தன. உதவி அவள் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. கதவு கதவாகச் சனம் வெளியே வந்து நின்றது. முனியாண்டி ஊசியை நெருப்பில் காட்டி, மஞ்சள் தடவிக் குத்தி, ஓட்டையில் ஈர்க்குத் துண்டைச் செருகினான். முதல் காதுக்கு அவள் அசையவில்லை. இரண்டாவது காதுக்கு என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

கொழும்புக்குத் திரும்பியதும் செயலாளர் அம்மா முதலில் கேட்டது, "பிள்ளை எங்கை?" என்பதுதான். "அவள் என்ட மருமகள். வளருற வீடு நல்ல வீடு. அங்கதான் இருப்பாள்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. அடுத்த மாதமே பாக்கியத்துக்குச் சங்கத்தின் உதவி நின்றது. அதற்கடுத்த மாதம் நான் சங்கத்தை விட்டு நின்றேன். இப்போது அனுப்புகிறவன் நான் ஒருவன்தான். மருமகளுக்கு மாமன் செய்வதை உதவி என்று யாரும் சொல்வதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார் வாடகை இப்போது கூடியிருக்கும். மழைக்காலத்தில் தடித்த சப்பாத்துப் போடுங்கள், அட்டை கடிக்கும். பிஸ்கோத்துப் பெட்டியோடு இறங்காதீர்கள். பிள்ளையை எழுப்பி நிறுத்தி உயரம் பார்க்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை நான் போகிறேன். இன்றைக்கும் அங்கம்மா பாக்கியத்தை என்னோடு கடைவீதிக்குத் தனியே விடமாட்டாள், முனியாண்டி பத்தடி பின்னால் வருவான். நீங்கள் போகும் வீட்டில் உங்களை இப்படிச் சந்தேகப்பட்டால் சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து உங்கள் கையில் லேசாகக் கொடுத்துவிடுகிறார்கள் என்றால், அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.